பாப் காஃப்மன் சந்தில் இன்னொரு பலகை வையுங்கள்

சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் மன்றத்தின் உறுப்பினர்கள் 11 பேருக்கும் வணக்கம்.

உங்கள் நகரத்தில் குடியிருந்து வரி கட்டும் தமிழ்ப் பெண் நான். இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன். கவிஞர் பாப் காஃப்மனை இதுவரை படிக்காத தமிழ் வாசகர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று ஆசை.

நகரத்தின் நார்த் பீச் பகுதியில் கிராண்ட் அவென்யூவை ஒட்டி ஒரு சின்ன சந்து இருக்கிறது. முன்பு அதற்கு ஹார்வுட் சந்து என்று பெயர். 1988இல், பதிப்பகமாகவும் இயங்கும் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையின் யோசனையை ஏற்று, நகரத்தின் 12 தெருக்களுக்கு எழுத்தாளர், கலைஞர்களின் பெயர்களை வைக்க உங்கள் மன்றம் சம்மதித்தது. அப்போதுதான் இது பாப் காஃப்மன் சந்து ஆனது. கவிஞர் இறந்து இரண்டே வருடம். நல்ல காரியம், அதற்கு நன்றி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றிருந்தேன். தோளில் குழந்தையோடு வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, "யார் இந்தக் காஃப்மன்? இங்கே கடை வைத்திருந்தவரா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பலகையில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நின்ற இடத்திலேயே சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது போதவில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

காஃப்மன் 1925 ஏப்ரல் 18 அன்று நியூ ஆர்லியன்ஸில், 13 பிள்ளைகள் இருந்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா புல்மன் எனும் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை பார்த்தவர், அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா ஜெர்மானிய யூதர், அம்மா மார்ட்டினிக் தீவுக்காரர் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்ட கதைகள். இளம் வயதிலேயே சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார், கடல்தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். 1950களின் பிற்பகுதியில் நார்த் பீச்சுக்கு வந்து சேர்ந்தார். ஐலீனை மணந்தார். பிறந்த மகனுக்கு ஜாஸ் மேதை சார்லி பார்க்கரின் நினைவாகப் பார்க்கர் என்று பெயர் வைத்தார்கள்.

எழுதி வைக்கும் பழக்கம் அவருக்குக் குறைவு. காப்பிக் கடையில், தெருமுனையில், தோன்றும்போது தோன்றும் இடத்தில் சொல்வார். சொன்னது காற்றோடு போய்விடாமல் பிடித்து வைத்தவர் ஐலீன். துண்டுக் காகிதங்களில் கிடந்ததையும் வாயால் சொன்னதையும் சேர்த்து அவர் கைப்பிரதி ஆக்கியதால்தான் 1965இல் முதல் தொகுப்பே வெளிவந்தது. ஐலீன் பெயரில் ஒரு முடுக்காவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது வேறு விண்ணப்பம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கனவுபோல் தொடர்பற்ற படிமங்களை அடுக்கும் சர்ரியலிசக் கவிதை என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம், புரியாது என்ற பயம். காஃப்மனிடம் அந்தப் பயம் தேவையில்லை. ஒரு கவிதையில் தன் உடம்பு ஒரு கிழிந்த மெத்தை என்கிறார். அடி வாங்கி, தரையில் தூங்கி எழுந்தவரின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை அதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. இன்னொரு கவிதையில் அகராதிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க ஒலிகள்தான். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த எனக்கு அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது பழகிய இடத்துக்குப் போனது போல இருந்தது. அவருக்கு அது ஜாஸிலிருந்து வந்தது. ஸ்பானியக் கவிஞர் லோர்காவை அவர் எவ்வளவு உள்வாங்கியிருந்தார் என்பது பின்னாளில் எழுதிய நீண்ட கவிதைகளில் நன்றாகவே தெரியும்.

சரி, உங்களிடம் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

கிராண்ட் அவென்யூவும் கிரீன் தெருவும் சந்திக்கும் முனையில் கோஎக்ஸிஸ்டன்ஸ் பேகல் ஷாப் என்று ஒரு கடை இருந்தது. கவிஞர்களும் இசைக்காரர்களும் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம். கலிஃபோர்னியாவில் கறுப்பர், வெள்ளையர் போன்ற வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதற்கு இருந்த தடை 1948இலேயே நீதிமன்றத்தில் உடைந்துவிட்டது. ஆனாலும் கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் ஒன்றாக நடந்து போவது ரோந்து வரும் போலீஸ்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. காஃப்மன் அவர்களைப் பற்றிக் கவிதை எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஹிட்லர் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்து போலீஸ் வேலையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் கவிதை அது. போலீஸ்காரர் ஒருவர் வந்து அதைக் கிழித்து எறிந்தார்.

அப்புறம் நடந்தது தொடர் கைது. 1959ஆம் ஆண்டில் மட்டும் அவர் 39 முறை கைதானார் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா? ஒவ்வொரு முறையும் என்ன குற்றச்சாட்டு, எத்தனை இரவு உள்ளே இருந்தார், அடித்தார்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லும் ஏடுகள் எங்காவது இருந்தால் அவை நகரத்தின் ஏடுகள்தான். கைது செய்ததும் நகரம், ஏடு எழுதியதும் நகரம்.

அதே 1959இல் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து, ரோனியோ நகல் இயந்திரத்தில் அச்சிட்ட ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். சிட்டி லைட்ஸ் அவருடைய கொள்கை அறிக்கையை ஒற்றைத் தாளாக வெளியிட்டதும் அந்த வருடம்தான். சிறைக் கவிதைகளை எழுதியதும் அந்த வருடமே.

அந்தச் சிறைக் கவிதைகளை நீங்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். எண் போட்ட துண்டு துண்டான பகுதிகள். சில பகுதிகள் ஒரே வரி. தொடக்கத்தில் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பி என்று சொல்லவில்லை, தீய இணைகோடுகள் என்கிறார். இடி வந்து தன்னை ஆயிரம் பேராகச் சிதறடிக்கக் காத்திருக்கிறார். ஒரே கூண்டில் ஒரே ஆளாக இருப்பது போதாது, எல்லாப் பொந்துகளிலும் அடைபட்டிருக்கும் எல்லாக் கைதிகளுக்கும் எதிரே போய் உட்கார வேண்டும் என்கிறார். கடைசிப் பகுதி ஒரு வரிதான்: வாருங்கள், ஒரு மழைத்துளியைத் தட்டையாக்க உதவுங்கள் என்ற அழைப்பு. அதை முதலில் படித்தபோது எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அன்றிரவு ஜன்னலில் வழிந்த துளியை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அது நழுவி வேறு பக்கம் போய் மறுபடி உருண்டது. செய்ய முடியாத, செய்தாலும் ஒரு பயனும் இல்லாத அந்த வேலைக்கு அவர் கூட்டாளி தேடுகிறார். பூட்டிய அறைக்குள்ளிருந்து.

அந்த வரிக்குக் கீழே எழுதிய இடமும் வருடமும் இருக்கிறது: சான் பிரான்சிஸ்கோ நகரச் சிறை, அறை 3, 1959.

அன்றைய சிறை கியர்னி தெருவில், போர்ட்ஸ்மவுத் சதுக்கத்துக்கு எதிரே இருந்த பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இருந்தது. இப்போது அங்கே உயரமான ஓட்டல் நிற்கிறது. உங்கள் பெயர்ப் பலகையிலிருந்து மெதுவாக நடந்தாலே போய்விடும் தூரம்.

கின்ஸ்பெர்க்கின் கவிதைக்காக 1957இல் நடந்த ஆபாச வழக்கை இந்த நகரம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. புத்தகம் விற்றவர்களைக் கைது செய்தார்கள், நீதிபதி கிளேட்டன் ஹார்ன் அது ஆபாசம் அல்ல என்று தீர்ப்பளித்தார், கருத்துரிமை வென்றது. காஃப்மனுக்கு அப்படி ஊர் பேசும் வழக்கு ஒன்று அமையவில்லை. அவருக்குக் கிடைத்தது லாக்கப், அடுத்த வாரம் மறுபடி லாக்கப்.

நியூயார்க்கிலும் இதே கதை தொடர்ந்தது. அங்கே கைதாகி, மருத்துவமனையில் அவர் விருப்பத்துக்கு எதிராக மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். 1963இல் இங்கே திரும்பினார். கென்னடி கொல்லப்பட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார், வியட்நாம் போர் முடிந்த பிறகே வாய் திறந்தார் என்று சொல்வார்கள். காஃப்மன் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது இந்த மௌன விரதத்தைத்தான். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. விரதம் என்று சொல்லிவிட்டால் கேட்பவருக்கும் சுகம், சொல்பவருக்கும் சுகம். அதற்கு முந்தைய அடியையும் மின்சாரத்தையும் பற்றிப் பேச வேண்டியதில்லை. 1986 ஜனவரி 12 அன்று இதே நகரத்தில் இறந்துபோனார். அவருடைய கவிதைகள் முழுமையாக ஒரே நூலாக வர 2019 வரை ஆயிற்று. அதையும் சிட்டி லைட்ஸ்தான் வெளியிட்டது.

நான் கேட்பது இரண்டு. 1950களின் கடைசியிலிருந்து காஃப்மன் பெயரில் காவல்துறையிடமும் சிறைத்துறையிடமும் உள்ள ஏடுகளைத் தேடச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். கிடைப்பதை லார்கின் தெருவில் உள்ள நகர நூலகத்தின் வரலாற்று மையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள். ஏடுகள் அழிக்கப்பட்டிருந்தால் எந்த வருடம், யார் உத்தரவில் அழித்தார்கள் என்று எழுதி அந்தத் தாளை வையுங்கள்.

இரண்டாவது, சந்தில் ஒரு பலகை. குழந்தையைத் தோளில் வைத்திருப்பவரும் நின்று படித்துவிட்டுப் போகிற அளவுக்குப் பெரிய எழுத்து, நான்கு வரி போதும். அவர் கவிஞர் என்றும், இந்தத் தெருக்களில் நடந்ததற்காகவும் பேசியதற்காகவும் இந்த நகரம் அவரைத் திரும்பத் திரும்பக் கைது செய்தது என்றும் எழுதுங்கள். வாசகத்தைக் குழு போட்டு மென்மையாக்கிவிடாதீர்கள். 'அறை 3' என்ற சொல் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
பாப் காஃப்மனின் வாசகி ஒருத்தி