டிராக்டர் ஷோரூம்களில் விலை விவரப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களில் பலர் இப்போது மினி டிராக்டர் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். களை வெட்டவும் பாத்தி எடுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்துவிட்ட நிலையில் கூலியைக் கூட்டிக்கொண்டே போகவும் முடிவதில்லை. 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே புகுந்து திரும்பக்கூடிய, 20 குதிரைத்திறனுக்கு முன்பின்னான ஒரு சிறு வண்டியும், அதன் பின்னால் மாட்ட மண்ணைக் கிளறும் ஒரு ரொட்டவேட்டரும், புல் வெட்டும் ஸ்லாஷரும் இருந்தால் தோப்பு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். எனவே வண்டி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை விற்கும் இடத்தில் விலை சொல்லப்படும் முறையைப் பற்றித்தான் அதிகாரிகளின் கவனத்துக்கும் வாங்கவிருக்கும் விவசாயிகளின் கவனத்துக்கும் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஷோரூமில் போய் விலை கேட்டால் ஒரே ஒரு தொகைதான் பதிலாக வருகிறது. "ஆன் ரோடு அஞ்சே முக்கால் வருதுங்க; நீங்க நம்ம ஆளுங்க, உங்களுக்காக இருபதாயிரம் கொறைச்சுக்கலாமுங்க" என்கிறார்கள். அந்த ஐந்தே முக்கால் லட்சத்துக்குள் வண்டியின் விலை எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, பதிவுச் செலவு எவ்வளவு, பம்பருக்கும் ஹூக்குக்கும் மேற்கூரைக்கும் எவ்வளவு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அண்மையில் என் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு விற்பனையாளர் தந்த கொட்டேஷன் என்று ஒன்றைக் காட்டினார். விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் பேனாவால் வண்டியும் ரொட்டவேட்டரும் என்று எழுதி, கீழே மொத்தத் தொகையைப் போட்டு, அதைக் குறுக்கே அடித்து, இருபதாயிரம் குறைத்த தொகை எழுதப்பட்டிருந்தது. தேதி, கையெழுத்து எதுவும் இல்லை. மாடல் எண்கூட இல்லை. அவர் விடாமல் கேட்டதன் பேரில் பிறகு வந்த அச்சிட்ட தாளில் ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், அக்சசரீஸ் என மூன்று வரிகள் இருந்தன. மூன்றையும் கூட்டினால், குறைத்துத் தந்ததாகச் சொன்ன இருபதாயிரத்தைவிட அதிகமாக வந்தது. மொத்தத் தொகையில் பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வரி விஷயத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. டிராக்டர்களுக்கும் உழவுக் கருவிகளுக்கும் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய வரியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி, அடிப்படை விலை மாறாதிருந்தால், 4,68,750 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். குறைப்பு அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு இயந்திர உற்பத்தியாளர்களைத் தில்லியில் சந்தித்த மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு 41,000 ரூபாய், 45 குதிரைத்திறனுக்கு 45,000 ரூபாய் என்ற அளவில் விலை குறையும் என்றும் அந்தப் பலன் முழுவதும் விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் கூறினார். அது போய்ச் சேர்ந்ததா என்பதை மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எந்த விவசாயி கண்டுபிடிக்க முடியும்? வரிக் குறைப்பையே தம் கைக்காசிலிருந்து தரும் தள்ளுபடிபோலச் சில இடங்களில் பேசுகிறார்கள். வரிக்கு முந்தைய விலையைத் தனியாகக் கேட்டு, 22-ஆம் தேதிக்கு முன் அதே மாடல் வாங்கியவரின் பில்லோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். அந்த பில் ஊரில் யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.

இன்சூரன்ஸையும் சேர்த்தே கட்ட வேண்டும், வெளியில் எடுத்தால் டெலிவரி தாமதமாகும் என்று சொல்வது இன்னொரு வழக்கம். வாகனக் காப்பீட்டை எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. விற்பனையாளர் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் கட்டுப்படுத்தும் வணிக முறை என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 தமிழிலும் இயங்குகிறது. ஆனால் புகார் கொடுக்கக் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டின் பின்புறம் போதாது.

விலை பேசும் முன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பதும் பேரத்தில் ஒரு பகுதிதான். டயரின் பக்கவாட்டில் சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் ஆவணங்களில் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். தை மாதத்தில் வண்டி எடுக்கப் போகிறவருக்கு முந்தைய ஆண்டு நடுவில் தயாரான வண்டி தள்ளப்படுமானால், மறுவிற்பனையில் ஒரு வருடம் பழையதாகக் கணக்காகும் அந்த நட்டத்தை விலையில் கழித்துக் கேட்பது நியாயமே. ஹவர் மீட்டரையும் பார்க்க வேண்டும். புது வண்டியில் லாரியில் ஏற்றி இறக்கிய அளவுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஓடியிருக்கலாம்; அதற்கு மேல் கணிசமாகக் காட்டினால் அது ஊர் ஊராக டெமோ ஓட்டிய வண்டியாக இருக்கக்கூடும். டெமோ வண்டி வாங்கக் கூடாது என்பதல்ல, புது வண்டி விலைக்கு வாங்கக் கூடாது. குதிரைத்திறன் குறித்த பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம், தான் சோதித்த மாடல்களின் அறிக்கைகளை வெளியிடுகிறது. ரொட்டவேட்டரைச் சுழற்றப் போவது, பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜின் விசையைக் கொண்டுசெல்லும் தண்டான பி.டி.ஓ.வில் கிடைக்கும் திறன்தான்; அது இன்ஜின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் அநேகமாகச் சொல்வதில்லை.

இருபதாயிரம் குறைத்த மகிழ்ச்சியில் வாடிக்கையாளர் கவனிக்கத் தவறுவது கடன் வட்டியைத்தான். ஷோரூமிலேயே மேசை போட்டு அமர்ந்திருக்கும் நிதி நிறுவனப் பிரதிநிதி "பத்து பர்சன்ட்தானுங்க" என்று சொன்னால், அது பெரும்பாலும் பிளாட் வட்டி. அதாவது, நாம் தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி. 4 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுக்கு இப்படி வாங்கினால் வட்டி 2 லட்சம். ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகப் பத்துத் தவணை, ஒவ்வொன்றும் 60,000 ரூபாய். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் இதைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே 4 லட்சத்தை ஒரு வங்கி குறையும் நிலுவைக்கு 11 சதவீதம் என்று தந்தால், கேட்பதற்கு ஒரு சதவீதம் கூடுதலாகத் தோன்றினாலும், தவணை 53,000 ரூபாயை ஒட்டியே வரும். ஐந்து ஆண்டில் மிச்சம் ஏறத்தாழ 69,000 ரூபாய். மணிக்கணக்கில் பேசி வாங்கிய தள்ளுபடியைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்குப் பணித்திருக்கிறது. அந்த அறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு இணங்கவே கூடாது.

இனி மானியம். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக, உழவன் செயலியில் விண்ணப்பித்து, வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் கருவி வாங்குவோருக்குப் பொதுவாக 40 சதவீதமும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு. இந்த உதவி விவசாயிக்குப் பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மானிய விண்ணப்பம் என்று தெரிந்த உடனே, "மானியக் கேஸுக்குப் பேச்சே இல்லைங்க, கவர்மென்ட் லிஸ்ட்ல இருக்கற ரேட்டுதான்" என்று விற்பனையாளர்கள் பேரத்தை முடித்துவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது புரிகிறது. அதற்குக் கீழே விற்பதை எது தடுக்கிறது? மானியம் என்பது விலையில் இத்தனை சதவீதம் அல்லது அந்தக் கருவிக்கான உச்சவரம்பு, இவற்றில் எது குறைவோ அது. உச்சவரம்பு குறுக்கிடும்போது அரசு தரும் தொகை அசையாமல் நின்றுவிடும். அதற்கு மேல் விலையில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் விவசாயியின் மடியிலிருந்துதான் போகிறது. உச்சவரம்பைத் தொடாத விலையிலோ, ஏற்றத்தில் பாதி வரை அரசுக் கருவூலம் சுமக்கிறது. இரண்டு நிலையிலும் விலை குறைந்தால் நன்மை விவசாயிக்கோ அரசுக்கோ தான். அப்படியிருக்க, மானியத்தில் வாங்குபவர் பேரம் பேசவே கூடாது என்ற எண்ணம் எப்படிப் பரவியது என்பது வியப்பாக இருக்கிறது. மானியம் இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு அதே மாடல், அதே மாதத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைத் துறை அலுவலர்கள் விசாரித்துப் பார்த்தாலே போதும்.

பக்கத்து ஊர் ஷோரூமில் விலை கேட்டால், "உங்க ஏரியா டீலர்கிட்டப் போங்க" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. விற்பனையாளர்கள் தமக்குள் போட்டியிட்டு விலை குறைப்பதைத் தயாரிப்பு நிறுவனமே தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணாகலாம். கார் விற்பனையில் டீலர்கள் தரும் தள்ளுபடிக்குக் கட்டுப்பாடு விதித்ததாக மாருதி சுசுகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும், அந்நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ததையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். டிராக்டர் துறையில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பதாக நான் கூறவில்லை. கேள்விக்கு விலை சொல்ல மறுப்பது மட்டும் முறையாகாது என்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சோனாலிகா நிறுவனம் தன் டிராக்டர்களின் விலையை இணையதளத்திலேயே வெளியிட்டது. ஒருவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

விற்பனையாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஸ்டாக்கை வைத்திருப்பதற்கு அவர்களும் வட்டி கட்டுகிறார்கள். மெக்கானிக்குக்கும் கடை வாடகைக்கும் பணம் வேண்டும். முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வந்துவிடும். மழைக்கு முன் உழவு நேரத்தில் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் பழுதாகிவிட்டால் தோப்புக்கே ஆளனுப்பும் டீலர், ஐந்தாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கத் தகுந்தவர்தான். வெறும் ஐந்தாயிரத்துக்காக அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கிவிட்டு, உதிரிபாகத்துக்கு அலைபவர்களையும் பார்க்கிறோம். விலையை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும் என்பது என் கோரிக்கையன்று. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்தால், சர்வீஸுக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகையையும் மனம் ஒப்பிக் கொடுக்கலாம். அவசரம் இல்லாதவர்கள் ஒரு பருவம் பொறுத்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியில் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தோப்பில் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. வாங்காமலும் இருக்க முடியும் என்ற நிலையில் பேசுபவரிடம் விற்பனையாளரும் வேறு விதமாகவே பேசுவார்.

ஆகவே, மானியத் திட்டத்தில் இயந்திரம் விற்க அனுமதி பெற்ற ஒவ்வொரு ஷோரூமிலும் ஒவ்வொரு மாடலுக்கும் வரிக்கு முந்தைய விலை, ஜி.எஸ்.டி., பதிவுச் செலவு, கூடுதல் உதிரிகளின் விலை ஆகியவற்றைத் தனித்தனியாகத் தமிழில் எழுதிய பலகை வைப்பதையும், கேட்பவருக்கு மாடல் எண்ணும் தேதியும் கையெழுத்தும் கொண்ட கொட்டேஷன் தருவதையும் வேளாண்மைப் பொறியியல் துறை அனுமதிக்கான நிபந்தனையாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். கோவை, திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க விரும்பும் விவசாயிகள், தாங்கள் பெற்ற கொட்டேஷன், பில் ஆகியவற்றின் நகலையும் இணைத்துக் கொடுத்தால், அதிகாரிகள் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டம், கோவை மாவட்டம்.