வாசகர் சங்கத்தின் 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் செயல்பாடுகளைச் செயலாளர் என்ற முறையில் பணிவுடன் முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்களைப் பல தலைப்புகளில் நடத்துவதற்குப் பதிலாக, ஓராண்டு முழுவதும், கேரளத்தின் வைக்கத்தில் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் போராட்டம் ஒன்றையே எடுத்துக்கொண்டு படிப்பது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்திருந்தது. அப்போராட்டத்தின் நூற்றாண்டு என்பது அதற்கு ஒரு காரணம். நம் குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய வீதிகளில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையைக் கட்டிக்காத்த அதே அரசின் கீழ்தான் சுசீந்திரம் கோயில் வீதிகளும் இருந்தன. ஆகவே இதை அண்டை மாநிலத்துச் செய்தியாகக் கருதி நாம் படிக்க முடியாது.

முதல் கூட்டத்தில் போராட்டத்தின் முதல் நாளை மட்டுமே எடுத்துக்கொண்டோம். 1923இல் காக்கிநாடா காங்கிரசில் ஈழவர் தலைவர் டி.கே. மாதவன் முன்னின்று தீண்டாமை ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேறச் செய்ததன் தொடர்ச்சியாக, 1924 மார்ச் 30 அன்று குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்ற மூவர் தடைப்பலகையை நோக்கி நடந்தனர். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் உயர்சாதியான நாயர். போலீசார் மூவரின் சாதியையும் கேட்டு, நாயர் மட்டும் போகலாம் என்றனர். போனால் மூவரும் சேர்ந்தே போவோம் என்று அவர்கள் நின்றதால் கைது செய்யப்பட்டனர். தலைவர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் பலருக்கு இந்த மூவரின் பெயர்கள் அன்றுதான் தெரிய வந்தன என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை. கண்களில் சுண்ணாம்பு இடப்பட்டுப் பார்வையை இழந்த ஆமச்சாடி தேவன் என்ற புலையர் இனத் தொண்டரின் வரலாற்றையும் அக்கூட்டத்திலேயே ஒரு மாணவி படித்தார். அதன்பின் அரங்கில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

ஆண்டின் மிக நீண்ட விவாதம் ஜார்ஜ் ஜோசப்பைப் பற்றியது. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் பாரிஸ்டராகப் பணியாற்றி, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர் மக்களுக்காக வாதாடியதால் ரோசாப்பூ துரை என்று இன்றும் அப்பகுதியில் நினைக்கப்படும் அவர், வைக்கத்தில் தலைமை ஏற்க முன்வந்தபோது, கிறிஸ்தவரான அவர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று காந்தியடிகள் எழுதினார். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், அதற்கான கழுவாயை அவர்களே தேட வேண்டும் என்பது காந்தியடிகளின் நிலை. ஜார்ஜ் ஜோசப்புக்கோ அது பொதுச் சாலையில் நடக்கும் குடிமக்கள் உரிமை. அந்தச் சாலையில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் தடையின்றி நடந்தனர். ஈழவர் ஒருவர் மதம் மாறினால் மறுநாளே அவரும் நடக்கலாம். காந்தியடிகளின் நிலையில் உள்ள அற வலிமையை மூத்த உறுப்பினர்கள் சிலர் விளக்கினர். உயர்சாதியினரின் மனம் மாறாமல் கிடைக்கும் வழி நிலைக்காது என்ற அவர்களின் வாதத்தை எளிதில் தள்ள இயலாது. ஆயினும் இதில் ஜார்ஜ் ஜோசப்பே சரியாகப் பார்த்தார் என்பது என் கருத்து; சாலையில் நடக்கும் உரிமை எவருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதன்று. வெள்ளூர் மடத்தைப் போராட்டக்காரர்களின் பயன்பாட்டுக்குத் தந்து ஆயிரம் ரூபாய் நன்கொடையும் அளித்த ஈழவர் சமூகத் துறவி நாராயண குரு, வேலியைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை என்ற பொருள்படப் பேசியதும், அதைப் பற்றிக் காந்தியடிகள் தம் இதழில் எழுதியதும் இதே விவாதத்தில் இடம்பெற்றன. விடுதலைக்கு உழைத்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினர் என்று எண்ணிவந்த இளைஞர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்தது.

ஜூலை கூட்டம் பெரியாரைப் பற்றியது. டி.கே. மாதவனும் கேரளக் காங்கிரஸ் தலைவர் கே.பி. கேசவ மேனனும் 1924 ஏப்ரல் 7 அன்றே கைதாகிவிட, முன்னணியில் நிற்க ஆளில்லாத நிலையில் அழைப்பை ஏற்று அவர் ஏப்ரல் 13 அன்று வைக்கம் வந்து சேர்ந்தார். முதலில் ஒரு மாதம் அருவிக்குத்தியிலும், பின்னர் கடுங்காவல் கைதியாகத் திருவனந்தபுரம் மத்தியச் சிறையிலும் அடைக்கப்பட்டார். கால்களில் விலங்குச் சங்கிலி, தலையில் கைதிக் குல்லாய், கழுத்தில் எண் எழுதிய மரப்பட்டை என்ற கோலத்தில் அவர் சிறையில் வேலை செய்ததை, அதே சிறையில் அரசியல் கைதியாக இருந்த கேசவ மேனன் எழுதி வைத்திருக்கிறார். பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வைக்கத்துக்கு வந்து களத்தில் நின்றதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் வேண்டும் என்று மகளிர் உறுப்பினர்கள் கேட்டனர். அது நியாயமான கோரிக்கை. அக்கூட்டம் செப்டம்பரில் நடந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் போலீசார் படகுகளில் இருக்க, தொண்டர்கள் முறை வைத்து இடுப்பளவு நீரில் நின்று மறியலைத் தொடர்ந்ததும் அதே கூட்டத்தில் பேசப்பட்டது.

நவம்பரில் நம் ஊர்ப் பங்கை எடுத்துக்கொண்டோம். 1924 நவம்பரில் நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரின் ஆதரவு நடைப்பயணம் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் சென்றதைப் பலரும் அறிவர். அதே வேளையில் நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றொரு நடைப்பயணம் புறப்பட்டுத் தலைநகரில் அவர்களோடு சேர்ந்தது. ஆயிரக்கணக்கான கையொப்பங்கள் கொண்ட மனு மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் சாலைகளைத் திறக்கும் தீர்மானம் 21க்கு எதிராக 22 வாக்குகளில் தோற்றது. நம் மாவட்டப் பள்ளிப் பாடங்களில் எம்பெருமாள் நாயுடுவின் பெயர் இன்னும் தெளிவாக இடம்பெற வேண்டும் என்று கூட்டம் தீர்மானித்து, உரிய அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பியுள்ளோம். இதுவரை பதில் வரவில்லை.

வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தை 2024 டிசம்பர் 12 அன்று இரு மாநில முதலமைச்சர்களும் திறந்து வைத்தனர். அதன்பின் ஜனவரியில் உறுப்பினர்கள் வேன் அமர்த்தி அங்குச் சென்று வந்தோம். நினைவகத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலின் நான்கு பக்க வீதிகளிலும் நடந்தோம். பின்னர், தடையை ஆதரித்தவர்களின் தலைவராக இருந்த நம்பூதிரிப் பிராமணரின் இல்லமான இண்டன்துருத்தி மனைக்குச் சென்றோம். 1925 மார்ச் 10 அன்று காந்தியடிகள் அந்த நம்பூதிரியோடு பேச வந்தபோது, பிராமணர் அல்லர் என்பதால் அவருக்கே வீட்டினுள் இடம் தரப்படவில்லை. வெளியே தனியாக அமைத்த இடத்தில்தான் பேச்சு நடந்தது. அவர் முன்வைத்த யோசனைகள் எதுவும் ஏற்கப்படவில்லை. அந்த மனை இன்று கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். அங்கிருந்த தோழர்கள் நம்மை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் தந்தனர். நம்மோடு வந்த எண்பது வயதைக் கடந்த உறுப்பினர், தம் பாட்டனார் சுசீந்திரம் வீதியைத் தவிர்த்து வயல் வரப்பு வழியாகச் சந்தைக்குச் சென்றதை அங்கே அமர்ந்துதான் முதன்முதலாக நம்மிடம் சொன்னார்.

மார்ச் மாதக் கூட்டத்தில் உடன்பாட்டைப் பற்றிப் பேசினோம். 1925 நவம்பர் 23 அன்று போராட்டம் முடிவுற்று, 29 அன்று பெரியார் தலைமையில் வெற்றி விழாக் கூட்டம் நடந்தது. ஆனால் திறக்கப்பட்டவை மூன்று பக்கச் சாலைகள் மட்டுமே. கிழக்குச் சாலை மூடியே இருந்தது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. இதை வெற்றி என்பதா, பாதி வெற்றி என்பதா என்று உறுப்பினர்கள் கேட்டனர். அந்த மூன்று சாலைகளில் மறுநாள் காலை நடந்து சென்றவர்களுக்கு அது முழுமையான வெற்றியாகவே இருந்திருக்கும். மூடப்பட்ட சாலையைச் சுட்டிக்காட்டி அடுத்த போராட்டங்கள் எழுந்தன என்பதையும் சேர்த்தே நாம் மதிப்பிட வேண்டும்.

ஏனைய செயல்பாடுகளைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்குச் சமூக நீதி வரலாற்று நூல்கள் வாங்கப்பட்டன. கூரையின் மேற்குப் பக்க ஓடுகள் மாற்றப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில், 1926இல் தொடங்கி 1930இல் மீண்டும் நடந்த சுசீந்திரம் சத்தியாகிரகத்தைப் படிப்பது என்றும், அது தொடர்பாக உறுப்பினர்களின் குடும்பங்களில் உள்ள கடிதங்கள், புகைப்படங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுவது என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதியோரின் பேச்சைப் பதிவு செய்யும் பணியை ஜூன் மாதமே தொடங்க வேண்டியிருப்பதால், பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் இன்றே பதிவேட்டில் எழுதுமாறும், இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்