கல்லான கூம்பின் மறுபாதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல் சேகரிப்போரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, தென் அமெரிக்காவின் தென்பகுதியான படகோனியாவில் கிடைக்கும், அரௌகேரியா என்னும் ஊசியிலை மர வகையின் கல்லாகிப்போன கூம்புகளின் (விதைகளைத் தாங்கும் காய் போன்ற உறுப்புகளின்) அழகைப் புகழ்ந்திருந்தது. அழகில் எனக்கும் மறுப்பில்லை. நெடுக்காக அறுத்து மெருகேற்றிய கூம்பில் நடுத்தண்டும், அதைச் சுற்றி விரியும் செதில்களும், செதிலுக்கு ஒன்றாக விதையும் துலக்கமாகத் தெரியும். சில விதைகளுக்குள் முளைக்கருகூட அப்படியே இருக்கிறது. கரும்பலகையில் நான் வரைந்து நடத்திய பாடத்தைச் சுமார் 16 கோடி ஆண்டு பழமையான கல்லில் கண்டபோது மெய்சிலிர்த்துப் போனேன்.

அர்ஜென்டினாவின் சாந்தா குரூஸ் மாகாணத்தில், செரோ குவாட்ராடோ என்னும் இடத்தில் கிடைப்பவை இவை. ஜுராசிக் காலத்தில் எரிமலைச் சாம்பல் அங்கிருந்த காட்டை மூடியது; நீரில் கரைந்து வந்த சிலிக்கா என்னும் கனிமம் திசுக்களுக்குள் ஊறி உறைந்தது. 1924இல் தாவரவியலாளர் கார்லோஸ் ஸ்பெகாசினி இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். ஆஸ்திரேலியாவில் இன்றும் வளரும் புன்யா மரத்தோடு இதை ஒப்பிட்டு ஆராய்கிறார்கள்.

கட்டுரை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அர்ஜென்டினாவின் 2003ஆம் ஆண்டு 25743ஆம் எண் சட்டப்படி, அந்நாட்டுத் தொல்லுயிர் எச்சங்கள் அரசின் உடைமை. தனியார் தோண்டியெடுத்து வெளிநாட்டுக்கு விற்க முடியாது. சட்டம் வருமுன்பே வெளியேறியவையும் சந்தையில் உண்டு என்பது உண்மைதான். ஆனால், “பழைய சேகரிப்பு” என்று விற்பவர் சொல்லிவிட்டால் போதுமா?

என் முன்னாள் மாணவர் ஒருவர் இணையத்தில் வாங்கிய அரைக் கூம்பைக் காட்டுவதற்காக எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. எந்தப் பாறை அடுக்கில், எதன் அருகே கிடைத்தது என்று ஒரு வரிக் குறிப்புக்கூட இல்லை. மறுபாதி வேறு யாருக்கோ போய்விட்டதாம். ஒரே கூம்பை இப்படிப் பங்கு போட்டுவிட்டால், அறுபட்ட விதையின் இன்னொரு பக்கத்தை ஆராய்ச்சியாளர் எந்த ஊரில், யார் வீட்டில் தேடுவார்? எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

கூம்பு எந்த ஆண்டில், யாருடைய அனுமதியோடு அர்ஜென்டினாவை விட்டு வந்தது என்பதற்கான ஆவணத்தை வாங்குவோர் கேட்க வேண்டும். காட்டாதவரிடம் வாங்கவே கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை மேலும் அறுக்காமல், ரசீதையும் விற்றவரின் விவரத்தையும் அதனுடனேயே பத்திரப்படுத்த வேண்டும். இவற்றை அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
கோயம்புத்தூர்