உயரம் கடைசியில் வரட்டும்

பினாங்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

லண்டனில் சனிக்கிழமைச் சந்தையில் தே தாரிக் கடை போடப் போவதாக எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. நீ அனுப்பிய காணொளியை நாலு தடவை பார்த்தேன். கை நன்றாக உயருகிறது. ஆனால் தேநீரின் நிறம் சாம்பல் தட்டியிருந்தது. நுரை சோப்பு நுரை மாதிரி பெரிய குமிழ்களாக எழும்பி, கிளாஸை மேசையில் வைப்பதற்குள் அடங்கிவிட்டது. இந்த இரண்டு கோளாறும் கையால் வந்தவை அல்லம்மா, சாயத்தில், அதாவது வடித்த தேயிலை நீரில் வந்தவை. அதனால் இழுக்கும் வேலையைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதே.

மலாயில் தாரிக் என்றால் இழு. நாம் அதையே ஆற்றுவது என்கிறோம். மலாய்க்காரர்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பேர் வைத்தார்கள். நாம் எதற்காகச் செய்கிறோமோ அதை வைத்தோம். கொதிக்கிற தேநீர் குடிக்கிற சூட்டுக்கு வர வேண்டும், அடியில் கிடக்கும் டின்பால் (சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய பால்) முழுதாகக் கலக்க வேண்டும், காற்று உள்ளே போய் நுரை கட்ட வேண்டும். இந்த மூன்றும் ஒரே அசைவில் நடக்கின்றன. கேரளத்தில் மீட்டர் சாயா என்பதும், தென் தாய்லாந்தில் சா சக் என்பதும் இதே வேலைதான். கேரளத்துச் சாயாவிலிருந்து நம்முடையதை வேறாக்குவது டின்பால்.

முதலில் தேயிலை. பெரிய இலைத் தேயிலை வேண்டாம், எவ்வளவு விலை கொடுத்தாலும் பாலுக்குள் அது காணாமல் போய்விடும். தூள் தேயிலை, டஸ்ட் என்று போட்டிருக்கும், அதுதான் வேண்டும். அங்கே இலங்கைத் தமிழர் கடைகளில் சிலோன் டஸ்ட் கிடைக்கும். கிடைக்காத வாரத்தில் அந்த ஊர்த் தேயிலைப் பைகளையே கிழித்துக்கொள். 80 பை உள்ள பெட்டி 250 கிராம் என்றால் ஒரு பைக்கு 3 கிராம் சொச்சம். 10 பை கிழித்தால் ஒரு லிட்டருக்குப் போதும்.

கணக்கு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள். தூள் தண்ணீரைக் குடித்ததுபோக 900 மில்லி சாயம் தேறும். ஒரு கிளாஸுக்கு 150 மில்லி வீதம் ஆறு கிளாஸ். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே துணிப் பையில் உள்ள தூளின் மேல் ஊற்று. ஐந்து நிமிடம் ஊறட்டும். நடுவில் இரண்டு தடவை பையைத் தூக்கி, இறங்கிய சாயத்தை மறுபடி அதன் மேலேயே ஊற்று. பையை மட்டும் பிழிந்துவிடாதே. கடைசியில் வருகிற அந்தக் கொஞ்சம் சாயத்தில் துவர்ப்பும் கசப்பும்தான் இருக்கும், முழுப் பானையையும் கெடுத்துவிடும்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பாய். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரின் மேல் மெல்லிய ஏடு மிதக்கும், நிறம் மங்கும், மணம் எழாது. உன் காணொளியில் நான் பார்த்த சாம்பல் நிறத்தில் பாதி இதனால் வந்தது. வடிகட்டி வைத்த ஜாடியில் பிடித்த தண்ணீரையே கடைக்கு எடுத்துப் போ, முந்தின இரவே பிடித்து வைத்துவிடு. மீதிப் பாதிக்குக் காரணம் சாயம் நீர்த்திருந்தது. பால் சேர்த்ததும் செங்கல் நிறம் வர வேண்டும். அது வராவிட்டால் பாலைக் குறைக்காதே, தூளைக் கூட்டு.

வடித்த சாயத்தை அடுப்பில் கொதிக்க வைத்துக்கொண்டே இருப்பது பெரிய தப்பு. அவசரத்தில் எல்லாரும் செய்வார்கள். அரை மணிக்குள் மணம் போய் வெந்த வாடை வரும். சாயப் பானையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக வைத்துக்கொள். 40 நிமிடம் தாண்டினால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகப் போடு. ஒரு லிட்டர் லிட்டராகப் போட்டால் வீணாவது குறைவு. கூட்டம் வருகிறதே என்று ஐந்து லிட்டர் போட்டு வைக்காதே.

இனி பால். ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி டின்பால், அதாவது 40 கிராம், ஒரு மேசைக்கரண்டி எவாப்பரேட்டட் பால் (சர்க்கரை இல்லாமல் சுண்டக் காய்ச்சியது). அங்கே டின்பால் 397 கிராம் டின்னில் வரும், பத்து கிளாஸுக்குக் கணக்காக இருக்கும். இங்கே கடைகளில் புழங்குவது பெரும்பாலும் பாமாயில் சேர்த்த கிரீமர். அங்கே கிடைப்பது அசல் பாலில் செய்தது, அதனால் சுவையும் நுரையும் கூடுதலாகவே வரும். அந்த ஒரு விஷயத்தில் உனக்கு எங்களைவிட வசதி.

டின்பாலை முதலில் குவளையில் விட்டு, அதன் மேல் சாயத்தை ஊற்றி, கரண்டியால் அடிவரை கிளறு. சாயத்தின் மேல் பாலை விட்டால் அது நேரே அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனை தடவை இழுத்தாலும் கடைசி மடக்கில் கெட்டியாக வாயில் வரும்.

40 கிராம் டின்பாலில் சர்க்கரை மட்டும் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, ஐந்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். அதனால் குராங் மானிஸ், அதாவது இனிப்புக் குறைவாகக் கேட்கிறவர்களை மறுபேச்சில்லாமல் கவனி. டின்பாலை 25 கிராமாகக் குறைத்து, எவாப்பரேட்டட் பாலை இரண்டு கரண்டியாக்கு. வெறுமனே டின்பாலைக் குறைத்தால் தேநீர் தண்ணியாகி நுரையும் வராது. நுரையைத் தாங்குவது பாலில் உள்ள புரதம். அதே புரதம்தான் தூள் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு நாக்கில் உறைக்காமல் செய்கிறது.

தே ஹாலியா, அதாவது இஞ்சித் தேநீர், போடப் போகிறாயா என்று தெரியவில்லை. குளிருக்கு நன்றாக ஓடும். இஞ்சியைத் தட்டிப் பச்சையாகப் பாலில் போட்டால் பால் திரிந்துவிடும், இஞ்சியில் அப்படிச் செய்கிற சத்து ஒன்று இருக்கிறது. தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் அந்தக் குணம் அடங்கிவிடும். அந்த இஞ்சித் தண்ணீரிலேயே தூளைப் போடு. லிட்டருக்கு 50 கிராம் இஞ்சி.

குவளைகள் எவர்சில்வரில், ஒரு லிட்டர் கொள்ளளவில், கைப்பிடியோடு இரண்டு வாங்கு. விளிம்பைக் கடையிலேயே விரலால் தடவிப் பார். ஒரு இடத்தில் நெளிந்திருந்தாலும் தாரை அந்த இடத்தில் பிரிந்து குவளையின் வெளிப்புறம் வழியும். ஒரு தடவைக்கு இரண்டு கிளாஸ் அளவுக்கு மேல் ஊற்றாதே, 400 மில்லிதான். குவளை பாதிக்கு மேல் நிரம்பினால் நுரைக்கு இடமில்லை, கைக்கும் பாரம்.

இந்தக் குவளைகளை மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாதே. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் நுரை நிற்காது. பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) போடுகிறவர்கள் இருந்தால் அவர்கள் கழுவும் தண்ணீர்ப் பக்கம் போகவே போகாதே. சோப்பு சரியாக அலசாமல் விட்டாலும் அதே கதிதான்.

இப்போது ஆற்றுவதற்கு வருகிறேன். வலது கையில் தேநீர்க் குவளை, இடது கையில் காலிக் குவளை. இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டபடி வயிற்று உயரத்தில் பிடி. ஊற்றத் தொடங்கு. தாரை கீழ்க்குவளைக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே வலது கையை மேலே கொண்டு போ. உன் காணொளியில் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு பிறகு ஊற்றுகிறாய், அதனால்தான் முதல் மடக்கு மேசையில் விழுகிறது. கண் கீழ்க்குவளையின் வாயிலேயே இருக்கட்டும், மேல் கையைப் பார்க்காதே. தாரை பென்சில் பருமனுக்குச் சீராக இருக்க வேண்டும். பருமன் கூடினால் காற்று சேராது, நூலாக இளைத்தால் வழியிலேயே சிதறும். மேல் குவளையில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே வலது கையை இறக்கிக்கொண்டு வந்து, விளிம்பைத் தொட வைத்து முடி. உயரத்திலேயே தாரையை வெட்டினால் கடைசிச் சொட்டுகள் உன் இடது மணிக்கட்டில் விழும்.

திருப்பி ஊற்றும்போது ஒரு சாண் தூரம் போதும். இடது குவளையிலிருந்து வலது குவளைக்கு வேகமாகக் கவிழ்த்துவிட்டு, மறுபடி வலது கை மேலே. முதல் இழுப்பு எப்போதும் குட்டையாக இருக்கட்டும், தேநீர் அதிகச் சூட்டில் இருப்பது அப்போதுதான். இரண்டாவதும் மூன்றாவதும் முழங்கை நீளம். நாலாவதில் கை முழுக்க நீளலாம், ஒரு மீட்டர்வரை. அதற்கு மேல் தேவையே இல்லை.

காதையும் வைத்துக் கேள். முதல் இழுப்பில் குழாய்த் தண்ணீர் விழுவது போல் சளசளவென்று சத்தம் வரும். நுரை கட்டக் கட்டச் சத்தம் மழுங்கி, கடைசியில் மாவில் ஊற்றுவது போல் அமுங்கிக் கேட்கும். அப்போது நிறுத்திவிடு. அதற்குப் பிறகும் இழுத்தால் சூடுதான் போகும். நல்ல நுரை பொடிக் குமிழாக, ஒரு விரல்கடை உயரத்துக்கு, வெளிர் பழுப்பாக நிற்கும். ஊற்றும் கிளாஸைக் கொதிநீரால் அலசிச் சூடாக்கி வைத்திரு, குளிர்ந்த கிளாஸில் நுரை இறங்கிவிடும்.

எத்தனை தடவை என்பதுதான் உனக்கும் எனக்கும் மாறும். பினாங்கு வெயிலில் ஆறு, ஏழு தடவை இழுப்போம். உன் சந்தையில் திறந்தவெளியில் ஐந்து டிகிரிக் குளிரில் அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் கைக்குப் போவது ஆறின கஞ்சி. நவம்பர் முதல் மார்ச் வரை நாலோடு நிறுத்து, உயரத்தையும் முழங்கை நீளத்துக்குள் வை, வேகத்தை மட்டும் கூட்டு. ஒரு வெப்பமானி வாங்கிக்கொள். கையில் கொடுக்கும்போது 60க்கும் 65க்கும் நடுவில் இருக்க வேண்டும். 65 டிகிரிக்கு மேல் குடிக்கிற பானங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு உள்ளவற்றோடு சேர்த்தது. ஆற்றிக் கொடுப்பதில் அந்த நன்மையும் இருக்கிறது.

காற்றடிக்கும் நாளில் தாரை வளையும். கூடாரத்தின் மூன்று பக்கமும் துணி கட்டிவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில். வரிசையில் நிற்கிறவர்கள் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும், குழந்தைகள் மேல் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது. உன் கம்பளிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிடு, கம்பளி சூட்டைப் பிடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொட்டிவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. பற்பசை, ஐஸ்கட்டி எதுவும் வைக்காதே.

பழகுவதற்கு உங்கள் வீட்டுக் குளியல் தொட்டி நல்ல இடம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு கரண்டி டின்பால் கலந்து அதன் மேல் நின்று பழகு. வெறும் தண்ணீரின் தாரை வேறு, பால் கலந்ததன் தாரை வேறு. 400 மில்லி ஊற்றிப் பத்து தடவை இழுத்த பிறகும் 380 மில்லி மிஞ்சினால் நீ கடைக்குத் தயார்.

கவுன்சிலில் கடை திறப்பதற்கு 28 நாளுக்கு முன்பே உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும், மறக்காதே. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக, பால் இருக்கிறது என்று பலகையில் எழுது.

இது எங்கிருந்து வந்தது என்று ஆட்கள் கேட்பார்கள். சுற்றி வளைக்காமல் சொல். தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் தெருவோரக் கடைகளில் போட்ட தேநீர். மாமா என்று கூப்பிட்டதிலிருந்து மாமாக் கடை என்று பேர் வந்தது. சிங்கப்பூரில் அதே கடைகளைச் சரபத் கடை என்பார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில், பசும்பால் நிற்காத சூட்டில், டின்பால்தான் கெடாமல் இருந்தது. தூள் தேயிலை மலிவாகக் கிடைத்தது. 2024 டிசம்பரில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாயோடு சேர்த்து மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது, அதில் தே தாரிக்கும் உண்டு. இதைத் தயங்காமல் சொல்லம்மா, நம் ஆட்களின் கைவேலை அது.

மூன்று துணிப் பைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அப்படியே போட்டால் முதல் இருபது கிளாஸும் துணி வாடை அடிக்கும். பழைய தேயிலைச் சக்கையோடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, அலசிவிட்டுப் பயன்படுத்து. ஒவ்வொரு நாளும் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெந்நீரில் அலசி, காற்றில் தொங்கவிடு. சோப்பு மட்டும் படவே கூடாது. அந்த ஊர்க் குளிரில் காய நேரமாகும், ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாள் புளித்த வாடை வரும். அதற்காகத்தான் மூன்று. பழுப்பேறிக் கறுத்தாலும் தூக்கிப் போடாதே, தையல் பிரிந்தால் மட்டும் மாற்று.

அடுத்த காணொளியில் தாரையையும் கிளாஸின் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. உம்மா உன் கைச் சூட்டுக்கு மருந்தும் சேர்த்து வைத்திருக்கிறாள், பார்சலின் அடியில் இருக்கும்.

வஸ்ஸலாம்,
உன் அத்தா