திருகோணமலைப் பெயர்ப்பலகை, பதாகை அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சென்ற ஆண்டு என் தாயார் காலமானபோது, எங்கள் ஒழுங்கை முகப்பில் கட்டுவதற்காக நகரிலுள்ள அச்சகமொன்றில் அஞ்சலிப் பதாகை அடித்தோம். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்பைக் கணினியில் தடிப்பாக்கி, போதாதென்று சுற்றிலும் ஒரு விளிம்புக் கோடும் இட்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ணகரத்தின் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகியிருந்தது. மெய்யின் புள்ளி தலையோடு ஒட்டிக் கிடந்தது. நெடுங்காலம் அச்சுக்கோர்த்தவன் என்பதால், அந்தத் துக்கத்திலும் என் கண் அந்த எழுத்தை விட்டு அகலவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

தடித்த எழுத்து தனியாக வரையப்பட வேண்டியது. கோடு பருக்கும்போது எழுத்தை அகலமாக்கி, கோடுகள் சேருமிடத்தை மெலிதாக்கி, உள்வெளியை, அதாவது சுழிக்குள்ளும் கோடுகளுக்கிடையிலும் உள்ள வெற்றிடத்தைக் காப்பாற்றுவது எழுத்துரு வரைபவரின் வேலை. கணினியின் தடிப்புப் பொத்தானோ, தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதவைக்கிறது.

ஆங்கில வரிக்கு நீங்கள் விரும்பி எடுக்கும் தடித்த செரிஃப் எழுத்துகளிலும், அதாவது கோட்டின் நுனியில் பாதம்போல் சிறு கட்டை விரியும் எழுத்துகளிலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமுண்டு. எனக்கு மிகப் பிடித்தது கிளாரண்டன். லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் அச்செழுத்து வார்ப்பகம் 1845இல் வெளியிட்ட இவ்வெழுத்து, அகராதி போன்ற நூல்களில் சாதாரண எழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்டப் பயன்பட்டது. அதன் பாதங்கள் தடித்தவை. தண்டோடு சேருமிடத்தில் வளைந்து இறங்குபவை. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் குறைவாதலால், நிலாவெளி வீதியில் ஓடும் முச்சக்கர வண்டியிலிருந்து பார்த்தாலும், கடற்கரை வெயில் பலகையில் தெறித்தாலும் சொல் உடையாது. விடுதிப் பெயருக்கு இதைவிடத் தகுந்ததை நான் காணவில்லை.

பொடோனி என்ற எழுத்துருவின் தடித்த வடிவம் அழகானதுதான், ஆனால் அதன் மயிரிழைக் கோடுகள் தூரத்தில் மறைந்துவிடும். அதைக் கையில் பிடித்து வாசிக்கும் திருமண அழைப்பிதழின் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்த கூப்பர் பிளாக், மூலையெல்லாம் உருண்டு கொழுத்த எழுத்து. ஐஸ்கிரீம் கடைக்கும் சிறுவர் விழாவுக்கும் பொருந்தும். மரண அறிவித்தலில் அதைக் காணும்போது மனம் நோகிறது.

இவை எல்லாமே இரண்டு மூன்று சொற்களுக்கான எழுத்துகள். முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அதே தடிப்பில் போட்டால் எதுவும் முன்னுக்கு நிற்காது.

தமிழுக்கு வருகிறேன். நம் எழுத்துக்கு லத்தீன் பாதத்தை ஒட்டவேண்டிய தேவையில்லை. ஆங்கில வரியின் தடிப்புக்கும் அதன் தடித்த, மெல்லிய கோடுகளின் வித்தியாசத்துக்கும் இணையான தமிழ் எழுத்துரு போதும். நோட்டோ செரிஃப் தமிழ், மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை தனித்தனி வடிவங்களுடன் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தடித்ததைத் தெரிவுசெய்யுங்கள், விளிம்புக் கோட்டை விடுங்கள், வரிகளுக்கிடையே கொம்புக்கும் புள்ளிக்கும் இடம் கொடுங்கள். சிங்கள வரிக்கும் இதே கவனம் வேண்டும். அதன் சுழிகளும் இப்படியே அடைபடும்.

முழுப் பதாகையையும் அடிப்பதற்கு முன் தலைப்பை மட்டும் ஒரு துண்டில் அடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டு, வீதியின் எதிர்ப்பக்கம் நின்று ண, ழ, றூ என்ற எழுத்துகளின் உள்வெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒரு படி மெலிந்த வடிவத்தை எடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோர்ப்பாளர் ஒருவர்,
திருகோணமலை.