மாவிலித்துறையில் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

அன்று நெடுந்தீவைச் சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் அம்மா உடல்நலம் குன்றியதையும், மாவிலித்துறை இறங்குதுறையிலிருந்து அவரைப் படகில் ஏற்றி அனுப்ப நேர்ந்ததையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே அதை மீண்டும் விரிக்கவில்லை. அம்மா வீடு திரும்பிவிட்டார், நேற்று முதல் கஞ்சி குடிக்கிறார்.

எங்களுக்குத் தீவைச் சுற்றிக்காட்டிய தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒல்லாந்தர் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரை இத்தீவுக்கு இட்டதையும், அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் வெளியில் மேய்வதையும், ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்குமரம் இங்கே வேரூன்றி நிற்பதையும் காலை முழுவதும் அவர் ஆர்வத்தோடு சொல்லிவந்தார். படகுக்குக் காத்திருந்தபோது, அம்மா கண்ணயராதபடி பேச்சுக் கொடுக்குமாறு மருத்துவர் சொல்ல, எனக்கு நா எழவில்லை. தம்பிதான் குடையை ஒரு கையில் பிடித்தபடி தரையில் அமர்ந்து, "அம்மா, உங்கட பூட்டனாரின்ர காணி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சாந்தின்றி முருகைக்கல் வேலி அடுக்கியவர் தம் அப்பப்பா என்றும், பெரிய கல்லைக் கீழே வைத்து இடுக்குகளில் சிறுகல் செருகும் விதத்தைத் தமக்கும் பழக்கியவர் அவரே என்றும் சொல்லிக்கொண்டே, அம்மாவின் இமை தாழும்போதெல்லாம் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஏழு வயதில் குடும்பத்தோடு வன்னிக்குப் போனபின் தீவைப் பற்றி வாய் திறந்திராத அம்மா, கிணற்றடியில் நின்ற பூவரசையும் தம் பூட்டியின் பெயரையும் மெல்ல மெல்லச் சொன்னார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பனையோலை விசிறியால் விசிறிய பெண்கள், தூக்குப்படுக்கையைத் தாங்கிய இளைஞர்கள், அலையைப் பார்த்துப் பக்குவமாகப் படகைச் செலுத்தியவர்கள், எழுந்து இடம் தந்த பயணிகள், மறுகரையில் குறிகட்டுவான் துறையில் வண்டியோடு காத்திருந்தவர்கள், மருத்துவர், தாதியர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அந்நியரின் கோட்டைக்கும் குதிரைக்கும் காலம் சொல்லத் தெரிந்த ஒருவர், எங்கள் வீட்டுக் கிணற்றையும் அதே அக்கறையோடு விசாரித்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக அதை நான் கேட்காமல் இருந்தேனே என்ற வருத்தமும் கூடவே வருகிறது. இப்போது அம்மா படுத்தபடியே உறவுமுறைகளைச் சொல்ல, நான் ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். அது நிறைந்ததும் ஒரு பிரதியை அந்தத் தம்பியின் கையில் நேரில் கொடுப்பேன். நடக்கத் தொடங்கினால் அம்மாவும் என்னோடு வருவார். பூவரசு நின்ற இடத்தைத் தாமே காட்டவேண்டுமாம்.