கடைசிப் படகு போன பிறகான நெடுந்தீவு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் நெடுந்தீவுப் பயணம் பற்றி எழுதிய அன்பர், குதிரைகளையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளையும் பார்த்து முடித்தால் அங்கே பொழுதுபோக்க வேறெதுவும் இல்லை என்று குறிப்பிட்டிருந்தார். அத்தீவில் பிறந்து, தொழில் நிமித்தம் யாழ்ப்பாணத்தில் வசித்தாலும், மாதம் இரு தடவையேனும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி ஊருக்குப் போய்வருபவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதுகிறேன்.

அன்பர் பிற்பகல் படகில் திரும்பியிருப்பார். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் 5,000 பேருக்கும் குறைவானவர்களே வாழும் எங்கள் ஊரின் ஓய்வுப் பொழுது அதன் பிறகுதான் தொடங்குகிறது. வெயில் தாழ்ந்ததும் இளைஞர்கள் கரப்பந்தாட்டத்துக்கு வலை கட்டுவார்கள். காலைப் படகில் வந்த பத்திரிகை சனசமூக நிலையத்தில் கைமாறிக் கைமாறி மடிப்புக் கிழிந்திருக்கும். பெண்கள் திண்ணையில் கூடியிருந்து பனையோலைக் கடகம் இழைப்பார்கள். என் தந்தையாருக்கோ மாலைப் பொழுதென்றால் வேலிதான். சாந்தோ களிமண்ணோ இல்லாமல் வெறும் பவளக் கற்களை அடுக்கியே எழுப்பும் வேலி அது. சரிந்த இடத்தில் குந்தியிருந்து, ஒரு கல்லை இரண்டு மூன்று தரம் திருப்பி வைத்துப் பார்த்து, அசையாமல் பொருந்திய பிறகே அடுத்ததைக் கையில் எடுப்பார். படம் பிடிப்பதற்காக அவ்வேலிகளின் மேல் ஏறுவோர் இதையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. கடந்த ஆண்டு, வெளியூர் அணியொன்றுடன் எங்கள் கழகத்துக்கு உதைபந்தாட்டப் போட்டி இருந்தது. மைதானத்தைச் சுற்றி மூன்று தலைமுறையும் கூடி நின்றது. இரண்டாம் பாதியில் இரு அணிகளும் ஒவ்வொரு கோலுடன் சமநிலையில் இருந்தபோது, படகு புறப்படப் போகிறதென்று ஆளனுப்பினார்கள். வந்த பிள்ளைகள் காலணியைக்கூடக் கழற்றாமல் மாவலித்துறைக்கு ஓடினார்கள். அடுத்த மாதம் அழைத்தபோது அவர்கள் வரவில்லை. கூத்துக் குழுவினரை அழைத்தாலும் இதே நிலைதான்: இரவு தங்க வேண்டுமென்றதும் தயங்குகிறார்கள்.

கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும் என்பதை நாங்கள் எவருக்கும் குறையாமல் அறிவோம்; அந்நாட்களில் படகு கேட்கவில்லை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது, மாலை ஆறு மணியளவில் நெடுந்தீவிலிருந்து ஒரு படகு புறப்படவும், குறிகட்டுவானில் அதற்கு இணைப்பாக ஒரு பேருந்து காத்திருக்கவும் பொறுப்பானவர்கள் வழிசெய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. அப்படியொரு படகு ஓடத் தொடங்கினால், அந்த அன்பரையும் ஒரு ஞாயிறு மாலை மைதானத்துக்கு அழைக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவு வாசகன்,
யாழ்ப்பாணம்.